ஈமான் தளர்வது எங்கிருந்து?

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சென்ற ரமலானில் பெண்களுக்கான பயான் முடிந்த பின்னர், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் என்னிடம் பேசினார்கள். "ஹஜ்ரத், என் மகன் குர்ஆனை இரண்டு தடவை ஓதி முடித்த பிள்ளை. சுப்ஹுக்கு அவன்தான் என்னை எழுப்பி விடுவான். இப்போது ஜும்ஆவுக்கும் போவதில்லை. கேட்டால், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை உம்மா என்கிறான். யார் என் பிள்ளையைக் கெடுத்தது?"

இத்தகைய கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை ஒன்று உண்டு. கூடாத சேர்க்கை, காலேஜ் படிப்பு, கைப்பேசி என்று சொல்லிவிட்டு, துஆச் செய்யுங்கள் என்று முடித்து விடுவோம். அதுவே என் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் ஏனோ, "அவன் இவ்வாறு ஆவதற்கு முன் உங்களிடம் ஏதாவது கேட்டானா தாயே?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு மெல்லிய குரலில், "கேட்டான் ஹஜ்ரத். அவன் வாப்பா அடித்து விட்டார்கள்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலின் மீதுதான் இக்கட்டுரை எழுதப்படுகின்றது. மனிதன் ஏன் ஈமானை மறுக்கிறான்? ஏற்ற பின்னர் ஏன் இழக்கிறான்? இதில் அவனுடைய பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு?

அறிந்தே மறுத்தவர்கள்

மறுப்போர் அனைவரும் ஒரே காரணத்தால் மறுப்பதில்லை. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின், ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹிர்கலுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கடிதம் சென்றது. அப்போது வியாபாரத்திற்காக ஷாம் தேசம் வந்திருந்த அபூஸுஃப்யானை அவர் அழைத்து விசாரித்த வரலாறு புகாரி ஷரீஃபின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது. அபூஸுஃப்யான் அன்று இஸ்லாத்தின் எதிரி. ஹிர்கல் தொடுத்த கேள்விகளுள் ஒன்று நம் பொருளைப் பற்றியதே. இந்த மார்க்கத்தில் நுழைந்தவர் எவரேனும் அதை வெறுத்து வெளியேறியது உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் எதிரியான அபூஸுஃப்யான். அப்படியானால், ஈமானின் இன்பம் உள்ளத்தோடு கலந்துவிட்டால் அவ்வாறுதான் இருக்கும் என்று ஹிர்கல் தாமே விளக்கமும் சொன்னார்.

எவ்வளவு தெளிவான அறிவு! ஆனால் பின்பு நடந்தது என்ன? ஹிம்ஸ் நகரில் தம் பிரதானிகளைக் கூட்டி, கதவுகளை அடைத்து, இந்த நபியை ஏற்போமா என்று கேட்டார். அவர்கள் வெருண்டு வாயில்களை நோக்கி ஓடினர். உடனே அவர்களைத் திரும்ப அழைத்து, உங்கள் உறுதியைச் சோதிக்கவே அவ்வாறு பேசினேன் என்று சொல்லிவிட்டார். சிம்மாசனம் வென்றது; அறிவு தோற்றது. ஃபிர்அவ்னின் கூட்டத்தாரும் உள்ளத்தால் உறுதி கொண்டிருந்தும் அநியாயத்தாலும் அகம்பாவத்தாலுமே அத்தாட்சிகளை மறுத்தார்கள் என்ற உண்மையை அந்நம்ல் அத்தியாயம் நமக்கு உணர்த்துகின்றது.

இது ஒரு வகை. இவர்களுக்கு ஆதாரம் குறைவில்லை; பதவியையும் பெருமையையும் விடும் மனமே குறைவு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை சந்தேகம் என்று வாய் திறந்தவுடன் அவனை இந்த வகையில் சேர்த்து விடுகிறோமே, அது நீதியா? அவனுக்கு இழக்கச் சிம்மாசனம் ஏது?

ஓரத்தில் நிற்பவர்கள்

இரண்டாவது வகையினரை அல்ஹஜ் அத்தியாயம் காட்டுகின்றது. அவர்கள் அல்லாஹ்வை ஓர் ஓரத்தில் நின்று வணங்குபவர்கள். நன்மை வந்தால் அமைதி கொள்வர். சோதனை வந்தால் முகம் திருப்பிக் கொள்வர். மதீனாவுக்கு வரும் சிலர், மனைவி ஆண் குழந்தை பெற்று, குதிரைகளும் குட்டி ஈன்றால் இது நல்ல மார்க்கம் என்பார்கள். இல்லையேல் இது கெட்ட மார்க்கம் என்பார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதற்கு விளக்கம் தருகின்றார்கள்.

இந்த ஓரத்தில் பிள்ளைகளைக் கொண்டு போய் நிறுத்துவது பல வேளைகளில் நாமே அல்லவா? தொழுதால் பரீட்சையில் தேறுவாய், ஓதினால் விசா கிடைக்கும், நேர்ச்சை செய்தால் நோய் தீரும் என்று வியாபாரப் பேச்சாகவே தீனைச் சொல்லிக் கொடுக்கிறோம். அல்லாஹ் துஆவை ஏற்பவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்பது அவன் நாட்டப்படியும் ஞானப்படியுமே தவிர, நம் கணக்குப்படி அன்று. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்ட பிள்ளை, வாப்பாவின் நோய்க்காக இரவெல்லாம் அழுது துஆச் செய்கிறான். வாப்பா மவுத்தாகி விடுகிறார்கள். அவன் கையில் இருந்த கணக்கு பொய்த்து விடுகிறது. அவன் இழந்தது ஈமானையா, நாம் கொடுத்த தவறான கணக்கையா என்று பிரித்துச் சொல்ல அப்போது அவன் அருகில் ஒருவரும் இருப்பதில்லை.

இமாம் கஸ்ஸாலியின் விசாரணை

மூன்றாவது வகையே மிகப் பெரியது. இதைப் பற்றி நமக்குக் கற்றுத் தர, ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த அவர்கள், ஹிஜ்ரி 484இல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியர் ஆனார்கள். தம் வாழ்வின் பிற்பகுதியில் எழுதிய 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் நூலில் தம் உள்ளத்தின் வரலாற்றை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார்கள்.

கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவனாகவும் யூதப் பிள்ளை யூதனாகவும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, நான் கொண்டிருப்பது வெறும் பரம்பரைப் பழக்கமா, உறுதியான அறிவா என்று இளமையிலேயே தம்மைக் கேட்டுக் கொண்டார்கள். பின்னர் ஏறத்தாழ இரண்டு மாத காலம், கண்ணால் காண்பதையும் அறிவால் அறிவதையும்கூட நம்ப முடியாத கடும் சந்தேக நோய்க்கு ஆளானார்கள். அந்த நோய் நீங்கியது வாதங்களை அடுக்கியதனால் அன்று, அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியினால் என்று அவர்களே எழுதுகிறார்கள். நம்மால் 'இஸ்லாத்தின் அத்தாட்சி' என்று போற்றப்படும் ஒருவருக்கு அந்த இரண்டு மாதங்கள் நேர்ந்தன என்பதைச் சந்தேகத்தால் தவிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றோரும் மறத்தல் ஆகாது.

பின்னர் ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) இன்னொரு நெருக்கடி. தம் கற்பித்தல் அல்லாஹ்வுக்காக இல்லை, பேருக்கும் புகழுக்குமே என்று உணர்ந்து நா அடைத்துப் போனார்கள். பதவியைத் துறந்து ஷாம் சென்றார்கள். பதினோரு ஆண்டுகள் கற்பித்தலை விட்டு ஒதுங்கியிருந்து, ஹிஜ்ரி 499இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். ஏன் வந்தார்கள்? மக்களிடம் ஈமான் தளர்ந்து போனதைக் கண்டதாலேயே.

அப்போது அவர்கள் முதலில் செய்தது ஃபத்வா கொடுத்ததன்று, விசாரித்தார்கள்! ஷரீஅத்தைப் பேணாதவர்களை ஒவ்வொருவராக அணுகி, உன் சந்தேகம் என்ன, ஏன் பின்தங்குகிறாய் என்று கேட்டார்கள். கிடைத்த விடைகளை நூலில் பதிவும் செய்தார்கள். தத்துவம் படித்த ஒருவன், மார்க்கம் பாமரரைக் கட்டுப்படுத்தவே வந்தது, எனக்கு எதற்கு என்றான். இன்னொருவன், நான் ஆன்மிகத்தில் உயர்ந்த நிலையை அடைந்து விட்டேன், வணக்கம் எனக்குத் தேவையில்லை என்றான். மற்றொருவன், ஆளுக்கொன்று சொல்கிறீர்கள், உண்மை எது என்று எவ்வாறு அறிவது என்றான். நபித்துவத்தையே நம்பாத சிலர் தொழவும் செய்தனர். ஏன் தொழுகிறாய் என்றால், உடலுக்குப் பயிற்சி, ஊர் வழக்கம், சொத்துக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு என்றனர். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்திய இந்த விடைகளில் நம் மஹல்லாவில் கேட்காதது எது?

எல்லாவற்றிலும் கூர்மையானது ஒன்று. இது உண்மையிலேயே கடமையாக இருந்தால் ஆலிம்கள் அல்லவா முதலில் பேண வேண்டும் என்றான் ஒருவன். இன்ன பெரியவர் தொழுவதில்லை, இன்னவர் மது அருந்துகிறார், இன்னவர் வக்ஃபுச் சொத்தையும் அநாதைகளின் சொத்தையும் உண்கிறார், இன்னவர் லஞ்சம் வாங்கித் தீர்ப்பளிக்கிறார் என்று அடுக்கினான்.

இமாமவர்கள் அவனைக் கடிந்து கொள்ளவில்லை. இவை பொய் என்று மறைக்கவும் இல்லை. வைத்தியர் விலக்கிய உணவு தீங்கானது என்று அறிந்தும் ஆசையால் உண்பவர் உண்டு; அதனால் வைத்தியம் பொய்யாகி விடுமா என்று விளக்கினார்கள். ஆலிமின் பாவம் அவருடைய இச்சையின் அடையாளம், மார்க்கத்தின் குறை அன்று. உண்மையான ஆலிம் சறுக்கலாம், ஆனால் பாவத்தில் நிலைத்திருக்க மாட்டார் என்றும் தெளிவாக்கினார்கள்.

பதில் சரியானதே. ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டை நாம் மறந்து விடலாகாது. மேடையில் ஹலால் ஹராம் பேசும் வாப்பா, வீட்டில் மகனின் கலியாணத்திற்குக் கைக்கூலி பேரம் பேசுவதைப் பிள்ளை கதவோரம் நின்று கேட்கிறான். பள்ளிவாசல் நிர்வாகத்திற்காகக் கைகலப்பு வரை போவதைப் பார்க்கிறான். ஏழை வந்தால் ஒரு ஸலாமும் செல்வந்தர் வந்தால் இன்னொரு ஸலாமும் சொல்லும் எங்களைப் போன்றோரையும் பார்க்கிறான். கிதாபில் படித்த எந்த எதிர்வாதமும் அவனை அவ்வளவு அசைத்திருக்காது. இமாம் தொழுகையை அளவுக்கு மீறி நீட்டுவதால் நான் சுப்ஹு ஜமாஅத்துக்கு வராமல் இருந்து விடுகிறேன் என்று ஒருவர் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வராதவர் மீது கோபிக்கவில்லை. மக்களை வெறுத்தோடச் செய்பவர்கள் மீதே கோபித்தார்கள். அன்றைவிடக் கடுமையாக அவர்கள் கோபித்து உபதேசித்ததை நான் கண்டதில்லை என்கிறார்கள் அதை அறிவித்த தோழர்.

அறிவில்லா நண்பன்

இமாமவர்கள் இன்னொரு கூட்டத்தையும் இனம் காட்டுகிறார்கள். அவர்கள் இஸ்லாத்தின் பகைவர் அல்லர். அதன் அறிவில்லா நண்பர்கள். மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணிக் கொண்டு, கிரகணம் பற்றிக் கணித அறிஞர்கள் சொல்வதையும்கூட மறுப்பவர்கள். கணக்கின் ஆதாரத்தை நேரில் அறிந்தவன் இதைக் கேட்டால் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான். அறியாமையின் மீது கட்டப்பட்டதுதான் இஸ்லாம் போலும் என்று முடிவு கட்டுவான் என எச்சரிக்கிறார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி இதற்கு நேர் மாறானது. ஹிஜ்ரி 10இல் அருமைப் புதல்வர் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டனர். மகனைப் பறிகொடுத்த துயர வேளை. பேச்சோ தமக்குப் பெருமை தரக்கூடியது. ஆயினும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று அப்போதே திருத்தினார்கள்.

நாமோ? 1969இல் சந்திரனில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங், அங்கே பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற செய்தியைப் பல்லாண்டுகள் பரப்பினோம். அவர் மதம் மாறவில்லை என்று 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குத் தெரிவித்த பின்பும் பயான்களில் அது ஓயவில்லை. இன்று கைப்பேசியில் நாள்தோறும் இதுபோல் ஓர் 'அற்புதம்' வருகின்றது. சரிபாராமல் பிள்ளைக்குக் காட்டுகிறோம். அவன் இரண்டே நிமிடத்தில் பொய் என்று கண்டுபிடித்து விடுகிறான். இதில் பொய் சொன்ன உம்மாவும் வாப்பாவும், கப்ரைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் சொன்னது மட்டும் எப்படி மெய்யாகும் என்ற எண்ணம் அவனுக்கு வந்தால் குற்றம் யாருடையது? சத்திய மார்க்கத்துக்குப் பொய்யின் முட்டு தேவையே இல்லை.

சந்தேகம் வேறு, மறுப்பு வேறு

தோழர்கள் சிலர் நபிகளாரிடம் வந்து, வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று முறையிட்டார்கள். அவர்கள் விரட்டப்படவில்லை. அவ்வாறு அஞ்சி வருந்துவதே தெளிவான ஈமான் என்று ஆறுதல் கூறப்பட்டது. இறந்தவரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் ரப்பிடம் கேட்டார்கள். ஈமான் இல்லாமல் அன்று, உள்ளம் அமைதி பெறவே கேட்டார்கள். அல்லாஹ் காட்டிக் கொடுத்தான்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லிக் கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் மக்தபில் ஓதிக் கொடுத்த ஒரு பிள்ளை கேட்டான்: "ஹஜ்ரத், கத்ரில் எல்லாம் முன்பே எழுதியாகி விட்டது என்றால் நாம் ஏன் அமல் செய்ய வேண்டும்?" பாடம் முடிக்கும் அவசரத்தில், "இது ஷைத்தான் கேட்கும் கேள்வி, வாயை மூடு" என்றேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன் முகம் சுருங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன் பின் அவன் எதுவும் கேட்கவில்லை. சில மாதங்களில் வருவதையும் நிறுத்திக் கொண்டான்.

பின்னொரு நாள் ஹதீஸ் கிதாபைப் புரட்டியபோது நாணித் தலை குனிந்தேன். பகீஉல் கர்கத் அடக்கத்தலத்தில் ஒரு ஜனாஸாவின்போது, கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியவாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கத்ரைப் பற்றிக் கூறினார்கள். அப்படியானால் எழுதப்பட்டதை நம்பி அமலை விட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்டார்கள். என் மாணவன் கேட்ட அதே கேள்வி! அமல் செய்யுங்கள், எவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. ஸஹாபாக்கள் கேட்டபோது பதில் பெற்ற கேள்வியை, நான் ஷைத்தானின் கேள்வி என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

இதனால் ஈமானை விட்டவனுக்குப் பொறுப்பில்லை என்று எவரும் எண்ணலாகாது. அறிவும் சுயவிருப்பமும் பெற்ற ஒவ்வொருவனும் தன் தேர்வுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். நாம் விசாரிப்பது அவனுக்குச் சாக்குத் தேட அன்று. நம்மால் அடைபட்ட கதவை நாமே திறப்பதற்கு.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கண்டிக்கும் முன் கேளுங்கள். விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சுற்றியிருந்தோர் அதட்டியபோது, நபிகளார் அவரை அருகில் அழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு, உன் மகளுக்கு இதை விரும்புவாயா என்று கேட்டு உணர்த்தி, அவர் மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அந்த வாலிபர் பின்னர் அப்பக்கம் திரும்பவே இல்லை.

2. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 மஸ்அலாக்கள் கேட்கப்பட்டபோது, 32க்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள் என அறிவிக்கப்படுகின்றது. விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி, சொன்னபடி விசாரித்தும் சொல்லுங்கள்.

3. பிள்ளையின் முன் கொடுக்கல் வாங்கலைச் சுத்தமாக்குங்கள். வாப்பா வட்டியை விட்ட வீட்டில் ஹலாலைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

4. ஆடை நைந்து போவது போல் உள்ளத்தில் ஈமானும் நைந்து போகும், அதைப் புதுப்பிக்குமாறு அல்லாஹ்விடம் கேளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. எதிர்வாதம் எதுவும் இல்லாமலேயே, கவனிப்பார் இன்றி ஈமான் நைந்து போகலாம். நாளுக்குப் பத்து நிமிடமாவது வீட்டார் ஒன்றாக அமர்ந்து, பொருளுணர்ந்து சில ஆயத்துகளை ஓதுங்கள்.

5. விலகிய பிள்ளையோடு உறவை அறுக்காதீர்கள். சோற்றுத் தட்டையும் ஸலாமையும் நிறுத்தி எவரையும் ஈமானுக்குத் திருப்ப முடியாது. திரும்பி வர நினைக்கும் அன்று அவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இவ்வளவே. "தாயே, இன்றிரவு அவன் சாப்பிட உட்காரும்போது தொழுகையைப் பற்றிப் பேசாதீர்கள். அன்று நீ வாப்பாவிடம் கேட்டாயே, அது என்ன கேள்வி, எனக்குச் சொல் என்று மட்டும் கேளுங்கள். அவன் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அவன் சம்மதத்தோடு என்னிடம் அனுப்புங்கள்; வராவிட்டால் நானே வருகிறேன்." அவன் இன்னும் வரவில்லை. வருவான் என்று துஆச் செய்து கொண்டிருக்கிறேன். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் உள்ளது. கதவைத் திறந்து வைப்பது நம் கையில் உள்ளது.

உள்ளங்களைப் புரட்டும் வல்ல நாயன், நம் உள்ளங்களையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் தன் தீனில் நிலைபெறச் செய்வானாக! நம் நடத்தையைக் கண்டு எவரும் அவன் மார்க்கத்தை வெறுக்கும் கேட்டிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.